செவியே சாட்சி

பழைய பொருளுக்குப் புதுச் சட்டை அணிவித்து மிகுந்த விலைக்கு விற்பது வாணிகத்தில் புதிதன்று. ஆயினும் புதுச் சட்டை யாவும் பொய்ச் சட்டையாகிவிடா. மெய் எது, பொய் எது எனப் பிரித்துக் காட்டுவதே விமர்சகன் கடமை. ஈண்டு யாம் ஆராயப் புகுவது, ‘குவீன்’ என்னும் ஆங்கில ராக் இசைக் குழுவினரின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்ற இசைத்தட்டின் மறுபதிப்பாகும்.

இத்தொகுப்பு 1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1974 முதல் 1980 வரை அக்குழுவினருக்குப் புகழீட்டிய 17 பாட்டுகள் இதில் அடங்கும். பிரிட்டனில் 70 லட்சம் என்னும் விற்பனைக் கணக்கை முதன்முதல் எட்டிய தொகுப்பும் இதுவே. அது 2022-இல் நிகழ்ந்தது. 2016-இல் இதனை 180 கிராம் எடையுள்ள இரு தட்டுகளாக, லண்டன் அபே ரோடு நிலையத்தில் அரைவேக முறையிற் செதுக்கி, மீண்டும் வெளியிட்டனர்.

முதற்பதிப்பின் குறை யாது? ஏறக்குறைய 58 நிமிஷப் பாட்டை ஒரே தட்டில் திணித்தமையே. நேரம் மிகுந்தால் கோடுகளை நெருக்க வேண்டும். நெருக்கினால் கோட்டின் அசைவைக் குறைக்க வேண்டும். அசைவு குறைந்தால் ஓசை தணியும். அன்றியும், தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என ஒரே கதியிற் சுழலினும், வெளி விளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் கோடு, உள் முனையில் அதிற் பாதிக்கும் குறைவாகவே ஓடும். நுண்ணிய உச்ச ஒலிகள் அங்கே சிதைவுறும். ‘வி ஆர் தி சாம்பியன்ஸ்’ என்னும் ஆர்ப்பரிப்புப் பாட்டோ அம்முனையிலேதான் நின்றது! பரந்த இடம் வேண்டிய பாட்டுக்குக் குறுகிய மூலையே கிடைத்தது.

மறுபதிப்பில் நான்கு பக்கங்கள்; பக்கமொன்றுக்கு ஏறக்குறைய கால் மணி நேரமே. கோடுகள் தாராளமாக விலகி நிற்கலாம். செதுக்கும் பொறியையும் ஒலியையும் பாதி வேகத்தில் ஓட்டுதலால், உச்ச ஒலிகளைச் செதுக்கும் ஊசிக்கு இரட்டிப்பு நேரம் கிட்டுகிறது. இவை காரணத்தோடு கூடிய நன்மைகள், ஏற்கத் தக்கவை. 180 கிராம் என்னும் பெருமையோ அத்தகையதன்று. தட்டு கனத்ததனால் மட்டும் பாட்டு இனியதாகிவிடாது.

நிற்க. இத்தகைய தட்டுகளைப் போற்றுவோரிடையே ஒரு மதம் வளர்ந்துவிட்டது. டிஜிட்டல் தீண்டினால் தீட்டு. பழைய நாடாவினின்று நேரே வந்ததே புனிதம் என்பது அம்மதத்தின் வேதம். நடந்தது யாது? 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘மொபைல் ஃபிடெலிட்டி’ நிறுவனத்தார், தம் தட்டுகள் பலவற்றின் ஆக்கத்தில் டிஜிட்டல் படி இடையே உண்டென்றும், அவ்வழக்கம் 2011 முதல் இருந்து வந்ததென்றும் ஒப்புக்கொண்டனர். அதுவரை அத்தட்டுகளைச் ‘சுத்த அனலாக்’ என்று புகழ்ந்த பொற்செவியர் எத்தனை பேர்! அவர்தம் செவி கேட்டதா, சீட்டைப் படித்த கண் கேட்டதா? உண்மையை மறைத்து விற்றவர் குற்றவாளிகளே. ஆயினும் செவியை அடகு வைத்தவரும் சிந்திக்கக் கடவர்.

குவீன் குழுவினரின் ‘பொஹீமியன் ராப்சொடி’யையே எடுத்துக்கொள்வோம். 1975-இல் மூவர் குரலை மீண்டும் மீண்டும் பதிந்து, ஒரு பதிவை மற்றொன்றின்மேற் சேர்த்து, படியெடுத்த படியையே மறுபடியும் படியெடுத்து உருவான பாட்டு அது. பிறப்பிலேயே பல கலப்புற்ற அதற்குக் குலத்தூய்மை பேசுதல் நகைப்புக்கிடமன்றோ? கலப்பே அதன் அழகு.

ஆதலின் அன்பர்காள், உழைத்த ஊதியத்தைக் கொடுத்து வாங்குமுன் ஒரு சோதனை செய்க. பழைய பதிப்பையும் புதியதையும் ஒரே ஓசை அளவில் வைத்து, எது எதென்று காட்டாமல் நண்பரொருவரை ஒலிக்கச் செய்க. ஓசை மிகுந்ததே நல்லதென மனம் மயங்குமாதலின், அளவு ஒத்திருத்தல் இன்றியமையாதது. பத்து முறை கேட்டு, வேறுபாடு தெரிந்தால் வாங்குக. தெரியாவிடின் பழையதே போதும். தேய்ந்த ஊசி உடையார் முதலில் ஊசியை மாற்றுக.

புகழ்பெற்றவற்றை மட்டும் கோத்த இம்மாலையில் மூலத் தொகுப்புகளின் அமைப்பழகு இல்லையென்பது மெய். ஆயினும் மறுபதிப்பு நேர்மையான தச்சுவேலை. அதைத் தச்சுவேலையென்றே மதிப்போம். தெய்வமாக்கித் தேங்காய் உடைக்க வேண்டா.