பொதியாக்கப்பட்ட பைத்தான் செயலிகளில் பின்னணிச் செயல்முறைகள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரலை, அம்மொழி நிறுவப்படாத கணினியிலும் இயங்குமாறு இயங்குகோப்பாகக் கட்டித் தருபவை பைஇன்ஸ்டாலர் போன்ற பொதியாக்கக் கருவிகள். நெடுநேரம் பிடிக்கும் கணக்கீட்டைத் தனிச் செயல்முறையாகப் பின்னணியில் இயக்குவதற்கு, 2008இல் வெளிவந்த பைத்தான் 2.6 பதிப்பு முதல் மல்டிபிராசசிங் நிரலகம் பயன்படுகிறது. தனித்தனியே செம்மையாக இயங்கும் இவ்விரண்டும் சேருமிடத்தில் எழும் பழுதையும் அதற்கான பொறுப்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பழுதின் தோற்றுவாய்

இயங்கும் செயல்முறையைப் படியெடுக்கும் ஃபோர்க் வசதி விண்டோஸில் பைத்தானுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நிரலகம் ஸ்பான் முறையில் இன்டர்பிரிட்டரைப் புதிதாகத் தொடங்கிப் பணியை ஒப்படைக்கிறது. இன்டர்பிரிட்டர் இருக்கும் இடத்தை சிஸ்.எக்ஸிகியூட்டபிள் என்னும் மாறி காட்டும். பொதியாக்கிய பின் அம்மாறி செயலியின் இயங்குகோப்பையே சுட்டுகிறது. அதனால் பின்னணிப் பணிக்கெனத் தொடங்கப்படும் செயல்முறை, செயலியின் மற்றொரு படியாக எழுகிறது. அதுவும் தன் பங்குக்குப் புதியவற்றைத் தொடங்குமாயின் சாளரங்கள் பெருகிக் கணினி முடங்கும். இன்டர்பிரிட்டரும் செயலியும் வேறுவேறு கோப்புகள் என்ற சொல்லப்படாத எடுகோளே இதற்கு வேர்.

தீர்வும் அதன் குறையும்

இதற்கு ஃப்ரீஸ்_சப்போர்ட் என்னும் செயற்கூறு வழங்கப்பட்டுள்ளது. முதன்மைப் பகுதியின் தொடக்கத்திலேயே அதனை அழைக்க வேண்டும் என்கிறது பைத்தான் ஆவணம். புதிய செயல்முறைக்குக் கட்டளைவரியில் தரப்படும் அடையாளக் குறியைக் கண்டால், அது பின்னணிப் பணியை மட்டும் முடித்து வெளியேறும். ஒரே வரியில் அடங்குவது இத்தீர்வின் சிறப்பு. அவ்வரி விடுபட்டால் எச்சரிக்கை ஏதும் எழாமை இதன் பெருங்குறை. நிரலரின் கணினியில் பொதியாக்காத நிரல் பிழையின்றி ஓடும்; பழுது முதன்முதலில் பயனரிடமே வெளிப்படும். கட்டளைச் சாளரமின்றிப் பொதியாக்கிய செயலியில், அச்சாளரத்துக்கு எழுதப்படும் பிழைச்செய்தியும் கண்ணில் படாது. பைத்தானை அறியாதவருக்காகவே பொதியாக்கம் செய்யப்படுகிறது. அதன் குறையைச் சுமப்பவரும் அவரே. மேலும், சப்பிராசஸ் வழியாக சிஸ்.எக்ஸிகியூட்டபிளை நேரடியாக இயக்கும் நிரலுக்கு இத்தீர்வு காப்பளிப்பதில்லை.

இதனை விண்டோஸுக்கு மட்டும் உரிய சிக்கலாகக் கருதுதல் பொருந்தாது. 2019இல் வெளிவந்த 3.8 பதிப்பில் மேக்ஓஎஸ் இயங்குதளத்துக்கும் ஸ்பான் இயல்பு முறையாயிற்று. 2025இன் 3.14 பதிப்பில் லினக்ஸிலும் ஃபோர்க் இயல்பு முறையாக இருந்த நிலை நீங்கியது.

முடிவுரை

பொதியாக்கப்பட்ட நிலையை சிஸ்.ஃப்ரோசன் என்னும் பண்பால் நிரலகம் அறிய இயலும். ஃப்ரீஸ்_சப்போர்ட் அழைக்கப்படாத பொதியில் புதிய செயல்முறையைத் தொடங்க மறுத்து, காரணத்தைத் தெளிவாகக் கூறுவது நிரலகத்தின் கடமையாதல் தகும். அதுவரை நிரலர் மூன்றைக் கைக்கொள்ளலாம்: பைத்தான் நிறுவப்படாத கணினியில் பொதியைச் சோதித்தல், பின்னணிப் பணியைத் தனி இயங்குகோப்பாகப் பிரித்தல், வலைத்தொடர்பு, கோப்பு வாசிப்பு போலக் காத்திருத்தலே மிகுந்த பணிகளுக்கு இழைகளைப் பயன்படுத்துதல். ஆவணத்தின் ஒரு வரியை நிரலர் வாசித்தாரா என்பதைப் பொறுத்துப் பயனரின் கணினி முடங்குவதோ தப்புவதோ அமைவது நல்ல வடிவமைப்புக்கு அழகன்று.