தோற்றுப்போன பகிடியை எப்படி ரசிப்பது?

1980 டிசம்பர் 6ஆம் திகதி இரவு. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பைக் கேலி செய்யும் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ரஹீம் அப்துல் முஹம்மத் என்ற பெயரில் ஒரு கறுப்பின இளைஞன் வந்து உட்கார்ந்தான். பாடசாலைக் கூடைப்பந்து அணிகளில் வெள்ளைப் பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்க வேண்டுமென்று கிளீவ்லாந்தில் ஒரு நீதிபதி சொல்லிவிட்டாராம். எங்களுக்கென்று மிஞ்சியிருப்பதே இந்த ஒன்றுதான், இதிலுமா கை வைக்கிறீர்கள் என்று அவன் பொரிந்து தள்ள, சபை வாய்விட்டுச் சிரித்தது. அந்த வருஷம் அந்த மேடைக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்தது அபூர்வம்.

அந்த இளைஞன் எடி மேர்பி. வயது 19. நிகழ்ச்சி ‘சட்டர்டே நைட் லைவ்’. அதன் ஆறாவது பருவம் அது. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்த நிகழ்ச்சியின் மிக மோசமான காலம் எது என்ற பேச்சு வந்தால் முதலில் விழும் பெயரும் அந்தப் பருவம்தான்.

1975 அக்டோபரில் லோர்ன் மைக்கல்ஸ் தொடங்கிய நிகழ்ச்சி இது. நியூயோர்க்கில் சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம், நேரடியாக, குட்டிக் குட்டி நகைச்சுவை நாடகங்கள் போகும். ஜோன் பெலுஷி, டான் அக்ரோய்ட், கில்டா ராட்னர், பில் மரே எல்லோரும் அதிலேதான் பேர் எடுத்தார்கள். 1979இல் பெலுஷியும் அக்ரோய்டும் போனார்கள். அடுத்த வருஷம் மைக்கல்ஸும் மிச்சப் பேரும் போய்விட்டார்கள். பொறுப்பை ஏற்ற ஜீன் டுமேனியன், முற்றிலும் புதுமுகங்களை வைத்து 1980 நவம்பர் 15இல் தொடங்கினார். சார்ல்ஸ் ரொக்கெட், ஜோ பிஸ்கோபோ, கெய்ல் மத்தியஸ், டெனி டில்லன், கில்பர்ட் கொட்ஃபிரீட், ஆன் ரிஸ்லி என்று ஆறு பேர். நாடு முழுவதும் திட்டியது. அடுத்த மார்ச்சில் டுமேனியனின் வேலை போனது.

ஆட்கள் கெட்டிக்காரர்கள் இல்லை என்பதா காரணம்? எழுத்து பலவீனம் என்பது உண்மை. பல துண்டுகள் எங்கே முடிப்பது என்று தெரியாமல் இழுபடுகின்றன. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பழக்கம். இதை விளங்கிக்கொள்ள நம் வானொலியையே நினைத்துப் பார்க்கலாம். எழுபதுகளில் இலங்கை வானொலி ஒலிபரப்பிய ‘கோமாளிகள் கும்மாளத்தில்’ மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நாலு பேரும் வாய் திறந்தாலே சிரிப்பு வந்தது. மரிக்காரின் பேச்சு கொழும்புப் பக்கத்துச் சோனகத் தமிழ். நம் கிழக்குக் கரையில் கல்முனைக்குடியிலோ மருதமுனையிலோ அப்படி யாரும் பேசுவதில்லை. அந்த மரிக்காராக நடித்த எஸ். ராமதாஸ் முஸ்லிமும் அல்ல. ஐயராகப் பேசியவரோ பி.எச். அப்துல் ஹமீத். இருந்தும் வாராவாரம் கேட்ட குரல்கள் வீட்டு ஆட்களாகிவிட்டன. 1976இல் அது திரைப்படமாக வந்தபோது அந்தப் பழக்கமும் சேர்ந்தே திரைக்கு வந்தது. திடீரென்று ஒரு வாரம் அந்த நாலு பேரையும் எடுத்துவிட்டு, அதே பெயரில் வேறு நாலு பேரைப் பேச விட்டிருந்தால் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தும் தப்பியிருக்க முடியாது. நியூயோர்க்கில் நடந்தது அதுதான்.

இங்கேதான் நம் கரையோரத்துப் பார்வையாளருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ இருந்து பார்ப்பவருக்குப் பெலுஷியின் ஞாபகம் இல்லை. யாரையும் யாரோடும் ஒப்பிடத் தேவையில்லை. அமெரிக்க விமர்சகர்களுக்கு 1980இல் வாய்க்காத கண் அது. அதனால் பழைய ஐந்து பருவங்களைப் பார்த்துவிட்டு இதற்கு வர வேண்டாம். நேரே இதிலேயே தொடங்குவது நல்லது.

முழு நிகழ்ச்சியாகப் பார்க்கவும் வேண்டாம். யூடியூபில் கிடைக்கும் துண்டுகளே போதும். முதலில் மேர்பியை வரிசையாகப் பின்தொடரலாம். நவம்பர் 22இல் அவர் ஒரு துண்டில் வாய் திறக்காமல் வந்துபோகும் ஓர் ஆள், அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து ரஹீம். 1981 ஜனவரி 10இல் நிகழ்ச்சி நேரத்துக்கு முன்பே முடிந்துவிட, மிச்ச நிமிடங்களை நிரப்ப அவரைத் தனியே மேடையில் ஏற்றினார்கள். தயங்காமல் நின்று பேசினார். பிறகு முழு அங்கத்தவரானார். பெப்ரவரி 21இல் ‘மிஸ்டர் ரொபின்சன்’ பிறந்தார். அந்நாட்டுக் குழந்தைகள் விரும்பிப் பார்த்த மிஸ்டர் ரோஜர்ஸின் இனிய குரலில், வறிய குடியிருப்பின் வாழ்க்கையைப் பேசும் பாத்திரம். மூன்று மாதத்தில் ஒரு கலைஞன் வளர்வது கண்முன்னே தெரிகிறது. வெற்றிகரமான பருவமாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அதற்குப் பிறகு கொட்ஃபிரீட். 1992இல் வந்த டிஸ்னியின் ‘அலாவுதீன்’ படத்தில் கிறீச்சிட்டுக் கத்தும் கிளி இயாகோவின் குரல் அவருடையது. இந்தப் பருவத்தில் அவர் சாதாரணக் குரலில் பேசுகிறார், பின்னாளில் போலக் கண்களை இடுக்கவும் இல்லை. தனக்கான குரலை இன்னும் கண்டுபிடிக்காத நடிகன் எப்படி இருப்பான் என்று பார்க்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். மத்தியஸும் டில்லனும் இரண்டு விடலைப் பெண்களாக வரும் துண்டுகளை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. பேச்சு வழக்கைக் காதால் பிடித்து அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பாட்டுப் பக்கத்தைத் தவறவிடக் கூடாது. பெப்ரவரி 14இல் புரொங்ஸிலிருந்து வந்த ‘ஃபங்கி ஃபோர் பிளஸ் வன்’ குழு பாடியது. ஹிப்ஹொப் என்ற சொல்லே பலருக்குத் தெரியாத நாட்களில் ஒரு ஹிப்ஹொப் குழு நாடு தழுவிய தொலைக்காட்சியில் பாடிய தருணம் அது. அடுத்த வாரம் இளம் பாடகர் பிரின்ஸ். அதே இரவில்தான் ரொக்கெட் நேரடி ஒலிபரப்பில் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட, நிலைமை இன்னும் மோசமானது. புதிய தயாரிப்பாளர் டிக் எபர்சோல் ஏப்ரல் 11இல் ஒரே ஒரு நிகழ்ச்சி செய்தார். எழுத்தாளர் வேலைநிறுத்தம் வந்து மிச்சத்தை நிறுத்தியது. மொத்தம் 13 நிகழ்ச்சிகள். டுமேனியனின் நடிகர்களில் அடுத்த பருவத்துக்கு மிஞ்சியவர்கள் மேர்பியும் பிஸ்கோபோவும் மட்டுமே.

இது பிடித்துப்போனால் 1985–86க்குப் போகலாம். மைக்கல்ஸ் திரும்பி வந்து செய்த பருவம். அதுவும் திட்டு வாங்கியது. பின்னாளில் ‘அயன் மேன்’ ஆன ரொபர்ட் டவுனி ஜூனியர் 20 வயதில் அதில் இருந்தார் என்பதற்காகவே பலர் தேடிப் பார்க்கிறார்கள். ஆனால் தேடிப் பார்க்க வேண்டியவர்கள் வேறு இரண்டு பேர்: வாய் கூசாமல் பொய் மேல் பொய்யாக அடுக்கும் பாத்திரத்தில் ஜொன் லவிட்ஸ், ஒரு பருவத்தோடு விலகிப்போன டனிட்ரா வான்ஸ். லவிட்ஸின் பொய்யரிலிருந்து தொடங்குவது சுலபம்.