களிமண் தலைக்குள் ஒரு ரசீது

கற்பனை உலகில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் தீயும் வாளும் வருவது வழக்கம். டெர்ரி பிராட்செட்டின் ‘ஃபீட் ஆஃப் க்ளே’ (1996) நாவலில் வருவது ஒரு ரசீது.

நாவல் நடக்கும் ஆங்க்-மார்ப்போர்க் நகரத்துக் கோலெம்கள் யூதத் தொன்மத்திலிருந்து வந்த களிமண் மனிதர்கள். பேச்சு கிடையாது, சிலேட்டில்தான் எழுதுவார்கள். தலைக்குள் இருக்கும் புனிதச் சொற்கள் அவர்களை இயக்குகின்றன. இரவுபகலாக உழைத்தாலும் கூலி இல்லை. பொருளுக்கு எதற்குக் கூலி என்பது முதலாளிகளின் வாதம். (எங்கேயோ கேட்ட வாதம்தான்.)

விடுதலை தேடி, கோலெம்கள் முதலில் தங்கள் களிமண்ணைக் கொண்டே ஒரு ராஜாவைப் பிசைந்து சுடுகிறார்கள். ஆளாளுக்குத் தங்கள் ஆசைகளை அவன் தலையில் திணிக்க, பாரம் தாங்காமல் பித்துப்பிடித்துக் கொலைகாரனாகிறான். எனக்கு நாவலின் உச்சம் இதுதான்.

பிறகு, இறைச்சிக்கூடத்தில் உழைத்த டார்ஃபில் என்ற கோலெமைக் காவலர் கேரட் விலைக்கு வாங்கி, அந்த ரசீதை அவன் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறார். டார்ஃபில் இனி டார்ஃபிலுக்கே சொந்தம். சொத்துரிமையைக் கும்பிடும் ஊர் இதை எப்படி மறுக்கும்? விடுதலை ஒரு நல்லவரின் தயவில் தொடங்குவது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் டார்ஃபில் அங்கே நிற்பதில்லை. காவல்படையில் சேர்ந்து, சம்பளத்தை மிச்சம்பிடித்து, இன்னொரு கோலெமை வாங்கி அவனை அவனுக்கே கொடுக்கக் கணக்குப் போடுகிறான். பிராட்செட்டின் ‘கோயிங் போஸ்டல்’ (2004) நாவலுக்கு வரும்போது, கோலெம்களை மீட்க ஓர் அறக்கட்டளையே நடந்துகொண்டிருக்கிறது.