விடுதலைப் பத்திரமும் கூட்டுவட்டியும்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, தனிமனிதர்களின் பண விவகாரங்களுக்கென்று ஒரு செயலியை நடத்துகிறது. பெயர் 'சாரதி'. 2022 ஜனவரியில் வந்தது. 2024 ஜூனில் கணக்கீட்டுக் கருவிகளோடு புதுப்பிக்கப்பட்டது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் என்ன, கேஒய்சி எதற்கு, பங்குகளை வாங்குவதும் விற்பதும் எப்படி, குறை இருந்தால் எங்கே முறையிடுவது என்றெல்லாம் சொல்லித்தருகிறது. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவள் என்பதால், இதையும் ஒரு பனுவலாகவே வாசித்தேன்.

முதலில் பெயர். சாரதி தேரோட்டி. தேரும் குதிரையும் போகவேண்டிய களமும் ஏற்கெனவே உள்ளவனுக்குத்தான் சாரதி தேவைப்படுகிறான். தேர் இல்லாதவளுக்கு அவன் என்ன செய்வான்?

கொங்குப் பகுதிக்கு இப்படியொன்று வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இணையவழி அந்நியச் செலாவணி வணிகம் என்று சொல்லித் திருப்பூரில் பணம் திரட்டிய பாசி நிறுவனத்தின் இயக்குநர்களுக்குக் கோவை நீதிமன்றம் 2022-இல் 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு முன் 2012-இல் பெருந்துறையின் ஈமு கோழிகள் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைத் தின்றன. எதையும் விற்காமல் விளக்க மட்டும் செய்கிற ஒரு குரல் நம் ஊருக்கு அவசியம்தான். என் கேள்வி வேறு. அந்தக் குரல் யாரைப் பார்த்துப் பேசுகிறது?

இத்தகைய கருவிகள் எல்லாவற்றிலும் அநேகமாக மூன்று கட்டங்கள் இருக்கும்: மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, எத்தனை சதவீதம். நிரப்பினால் ஒரு பெருந்தொகை வரும். பணம் யார் கையில் இருக்கிறது என்று கேட்கும் கட்டம் கிடையாது. முதுகலை வகுப்பில் இதைக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேம், எங்கம்மா கட்டற ஏலச்சீட்ட இதுல எங்கீங்க போடறது?" அவள் அம்மா விசைத்தறிக் கூலியில் சீட்டுக் கட்டுகிறவர். பதிவு செய்யாத தெருச்சீட்டு. நடத்துகிறவர் ஓடிவிட்டால் எல்லாம் போச்சு. அது தெரிந்தேதான் கட்டுகிறார். வங்கிப் புத்தகம் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும், சீட்டு படாது. வட்டியைவிட அந்த ரகசியம்தான் அவருக்கு லாபம். பத்திரமான முதலீடு எது என்று விளக்குகிற கருவிக்கு, யாரிடமிருந்து பத்திரம் என்று கேட்கத் தெரியவில்லை.

சிறுகச் சேமியுங்கள் என்பது இந்த உலகத்தின் தாரக மந்திரம். மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பர் முதல் வரும் 1,000 ரூபாயை அப்படியே போட்டால், 12 சதவீதத்தில் 20 ஆண்டில் சுமார் 10 லட்சம் என்று கருவி சொல்லும். சிலிண்டரும் மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் அந்தக் கணக்கில் இல்லை. சேமிக்காதது அவளுடைய ஒழுங்கின்மை என்றாகிவிடுகிறது.

இதே கருவியை வேறொரு கணக்குக்குத் திருப்பினேன். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று இருந்தது. விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. அது ஆலை தந்த சீர் அல்ல, அவளுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலி. ஒரு பேச்சுக்கு மாதம் 1,000 ரூபாய் பிடித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்தில் 36,000. ஆண்டுக்கு 6 சதவீதம் என்று போட்டால் ஏறத்தாழ 39,500. மேலே உள்ள அந்த 3,500 யாருடைய கல்லாவில் இருந்தது? மூன்றாண்டு முடியும் முன்பே உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பிய பெண்கள் மொத்தத் தொகையையே இழந்ததும் பலமுறை பதிவாகியிருக்கிறது. கூட்டுவட்டி ஒரு பெண்ணுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

அடுத்தது நிலம். தமிழ்நாட்டில் 1989 சட்டத்திருத்தம் அப்போது மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-இன் மத்தியத் திருத்தம் மணமானவர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்கவேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இங்கே நடப்பதோ வேறு. நகையும் சீரும் செய்தாயிற்று என்பார்கள். அண்ணன் காரில் அழைத்துப் போவான். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் கையெழுத்துப் போடுவாள். அந்த ஆவணத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். சொத்திலிருந்து அவளை விடுவிப்பதற்கு இத்தனை அழகான சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது! கையெழுத்துப் போட மறுத்தால் பொறந்த வீட்டு வாசல் அடைபடும். தாய்மாமன் சீர், பொங்கல் சீர், ஆபத்துக்கு ஓடிவர ஓர் அண்ணன் என்று அவள் மனத்துக்குள் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்ற எண்ணை யாரும் அவளிடம் சொல்வதில்லை.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் கருவி பதிவுத்துறையின் இணையதளத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் போட்டால் வழிகாட்டி மதிப்பு வரும். சந்தை விலை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும், பரவாயில்லை. பரப்பால் பெருக்கி, பங்குதாரர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். என் மாணவிகளில் பலருக்குத் தங்கள் தோட்டத்தின் சர்வே எண் தெரியவில்லை. அவர்களுடைய தம்பிகளுக்குத் தெரிந்திருந்தது.