ஆளோலையும் ஆதாரமும்

தமிழ் இலக்கியத்தில், ஆவணத்தின் துணைகொண்டு மூதாதை ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பிரசித்தமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் தேடுகிறவர் பேரன் இல்லை. பேரன்மீது உரிமை கொண்டாடி வருகிறவர். பெரியபுராணத்தில், புத்தூர் மணப்பந்தலில் இருக்கும் சுந்தரரிடம் கிழ வேதியர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எனக்கு அடிமை, அவன் வழிவருகிறவர்களும் அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படிதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூரில் சபை கூடுகிறது. பாட்டனின் கையெழுத்தை அவர் எழுதிய வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வழக்கு கிழவர் பக்கம் தீர்கிறது.

பக்தியின் தளத்தில் இதற்குப் பொருள் வேறு. வந்த கிழவர் யார் என்பது வாசகனுக்கு முன்பே தெரியும். அடிமைப்படுவது அங்கே பேறு. அந்தப் பொருளில் எனக்குச் சச்சரவு ஒன்றும் இல்லை. ஆனால் சேக்கிழார் தம் வாசகனுக்கு எதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை என்று விட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்கலாம். ஆளோலை என்றால் என்ன என்பதை அவர் விளக்கவில்லை. படியும் மூலமும் இரண்டுமே உடையவர் கையில் இருப்பதையும், எழுதிக் கொடுத்தவரின் குடும்பத்துக்கு அப்படி ஓர் ஓலை இருந்ததே தெரியாமல் இருப்பதையும் அவர் விளக்கவில்லை. சபையோர் சொல்லும் ஆட்சேபம் ஒன்றுதான்: அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது வழக்கத்தில் இல்லை. அப்படியானால் மற்றவர்கள் அடிமையாவது வழக்கத்துக்குள் அடங்கிய விஷயம். சபைக்கு அதில் சந்தேகமே எழவில்லை.

இந்தக் கதை இப்போது நினைவுக்கு வரக் காரணம், பூர்வீகம் தேடும் ஆசை இன்று உலகெங்கும் பரவியிருக்கும் விதம். அமெரிக்காவில் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த மூதாதை ஒருவர் உண்டு. அயர்லாந்திலிருந்து கப்பல் கூலி கட்டக்கூட வழியில்லாமல், சில வருஷங்கள் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து வந்தவர். தவணை தீர்ந்ததும் நிலம் வாங்கிப் பெரிய மனிதர் ஆனவர். இது வெறும் கற்பனை இல்லை. டேனியல் டுலானி 1703-இல் அப்படித்தான் மேரிலாந்து போய்ச் சேர்ந்தார். ஜார்ஜ் பிளேட்டர் என்ற வக்கீல் அவருடைய ஒப்பந்தத்தை வாங்கித் தம்மிடம் குமாஸ்தாவாக வைத்துக்கொண்டார். டுலானி சட்டம் படித்தார்; வழக்காடினார்; மேற்கு மேரிலாந்தில் நிலங்களை வாங்கிக் குவித்தார். 1745-இல் பிரெடரிக் என்ற நகரத்துக்கே மனை பிரித்தவர் அவர். 1753-இல் இறந்தபோது அந்தக் காலனியின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்த ஒப்பந்தப் பத்திரத்தின் உருவம். ஒரே தாளில் வாசகத்தை இரண்டு தடவை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஒரு பாதியை எஜமானரும் மறு பாதியை ஊழியரும் வைத்துக்கொள்வது வழக்கம். ஆங்கிலத்தில் அந்தப் பத்திரத்துக்குப் பெயர் வந்ததே இந்தப் பல் வெட்டால்தான். தவணை முடிந்தது என்று காட்ட ஊழியர் கையிலும் ஒரு பாதி இருந்தது. வெண்ணெய்நல்லூர் ஓலைக்கு அப்படிப்பட்ட மறு பாதி இல்லை. இரண்டாவது விஷயம் குடும்ப வரலாறுகளில் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லப்படுவது. டுலானி நிலத்தோடு அடிமைகளையும் வாங்கினார். அவர்கள் ஆப்பிரிக்கர்கள், அவர்கள் ஊழியத்துக்குத் தவணை கிடையாது, பிறக்கும் குழந்தைக்கும் அதே விதி. நாலைந்து வருஷத்துக்குத் தன்னை எழுதிக் கொடுத்து வந்தவர், தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டவர்களை உடைமையாக்கிக்கொண்டார். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, அயர்லாந்துக்காரர்களும் அடிமைகள்தானே என்று பேசுவது அங்கே நெடுநாளாக நடந்துவரும் ஒரு தந்திரம். தவணை உள்ள ஊழியமும் தவணை இல்லாத அடிமைத்தனமும் ஒன்றில்லை என்று வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் இப்படி ஒரு மூதாதையைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும்?

முதலில் கிடைப்பது ஓலை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைத் தேடிப் பார்த்துப் படியெடுத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. நிலம், வரி, கால்வாய்த் தண்ணீர், ஊர் வழக்கு என்று விரியும் அந்த ஓலைகளுக்கு நடுவே மனிதர்களை விற்றதற்கும் வாங்கியதற்குமான ஓலைகளும் இருக்கின்றன. பிற்காலத்தில் அ. கா. பெருமாள் முதலியார் ஓலைகளைப் பதிப்பித்தார். அடிமை ஆவணங்களைத் தனி நூலாகவும் கொண்டுவந்தார். அடிமை என்பது வடக்கே, அமெரிக்காவில், எங்கோ நடந்த சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்த மனோபாவத்துக்கு இனி இடமில்லை. 1836-ஆம் வருஷத்துத் திருவிதாங்கூர் ஜனக்கணக்கில் மொத்த ஜனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவர். புலையர், பறையர், குறவர் என்று அந்தக் கணக்குக்குள் வந்தவர்களின் உழைப்பில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களில் இரண்டு பூ விளைந்தது.

இந்த ஓலைகளில் அடிமையின் பெயர் அகப்படலாம். ஆனால் அந்தப் பெயர் அங்கே வருவது அவர் பேசுவதற்காக இல்லை; கைமாறும் பொருளை அடையாளம் காட்டுவதற்காக. அயர்லாந்துக்காரரின் பேரன் தன் பாட்டன் கையெழுத்திட்ட தாளைத் தேடுகிறான். இங்கே தேடும் பேரனுக்குக் கிடைப்பது பாட்டனைப் பற்றி இன்னொருவர் எழுதிய தாள். அதுவும் அந்த இன்னொருவரின் வீட்டுப் பரணில் தப்பிப் பிழைத்ததால் கிடைப்பது.

அடுத்தது நிலம். பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843-இல் விலக்கப்பட்டது. திருவிதாங்கூரில் 1853-இல் அரசுக்குச் சொந்தமான அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் விடுதலை பெற்றனர். 1855-இல்தான் எல்லோருக்குமான பிரகடனம் வந்தது. பத்து வருஷம் கழித்து 1865-இல் இன்னொரு பிரகடனம்: பண்டாரப்பாட்ட நிலங்களில் குடிகளாக இருந்தவர்களுக்கு அந்த நிலத்தை விற்கவும் ஒற்றிவைக்கவும் உரிமை. திருவிதாங்கூர் விவசாயியின் மகாசாசனம் என்று வரலாறு அதைப் போற்றுகிறது. போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த உரிமை யார் பெயரில் பாட்டம் பதிந்திருந்ததோ அவருக்கு. பத்து வருஷம் முன்புவரை நிலத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவர் பெயரில் பாட்டம் எப்படிப் பதிந்திருக்கும்? விடுதலை ஒரு கதவு வழியாகவும் நிலம் வேறொரு கதவு வழியாகவும் வந்தன. இரண்டு கதவுக்கும் நடுவே நின்றவர்கள் கூலியாட்கள் ஆனார்கள்.

அவர்களில் பலர் கிளம்பிப் போனார்கள். அசம்பு மலையில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். அதற்கு முன்பே இலங்கைக் காப்பித் தோட்டங்கள் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அங்கே பத்திரம் எழுதி வாங்கவில்லை. கங்காணி முன்பணம் கொடுத்தான். அந்தக் கடன் துண்டு என்ற சீட்டில் ஏறியது. கடனைத் தீர்க்கிற தோட்டத்துக்கு ஆளை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் துண்டின் வாசகம். கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனான். 1921-இல்தான் இலங்கை அரசு அதை ஒழித்தது. இதிலும் தொழிலாளி கையில் மறு பாதி இல்லை. இருந்தும் சிலர் பணத்தோடு திரும்பி வந்தார்கள், விளை வாங்கினார்கள், ஓடு போட்ட வீடு கட்டினார்கள். தென் திருவிதாங்கூரின் பல குடும்பங்களுக்கு வரலாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாத்தா சிலோனில் சம்பாதித்து வாங்கிய நிலம் என்பது முதல் வாக்கியம். அதற்கு முந்தைய வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை.

அயர்லாந்து ஊழியருக்கு நாஞ்சில் நாட்டில் மிகவும் நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டால், நான் ஒரு நிலக்காரரைக் காட்டமாட்டேன். நாகர்கோவிலில் 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கே பின்னிய அடிமைப் பெண்கள் சிலர் கூலியைச் சேர்த்துவைத்துத் தங்களை விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அவர்கள் வாங்கிய முதல் சொத்து தங்கள் உடம்பு. அந்தச் சொத்துக்குப் பத்திரப்பதிவு இல்லை. வாரிசு உரிமை கோர ஒன்றும் இல்லை. ஆகவே எந்தக் குடும்ப மரத்திலும் அந்தப் பெண்கள் அடிமரமாக நிற்பதில்லை.

இலக்கியம் இந்த விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்பதுதான் விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி. கவிமணியிடமிருந்தே தொடங்கலாம். ஓலைகளைப் படியெடுத்த அதே கைதான் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தையும் எழுதியது. சொத்து மக்களுக்குப் போகாமல் மருமக்களுக்குப் போகும் முறையில் வேளாளப் பெண்கள் பட்ட பாட்டை நகைப்பும் கண்ணீருமாகச் சொன்ன படைப்பு அது. அந்த முறைக்கு எதிரான மனநிலையை உண்டாக்கியதில் அதற்குப் பங்கு உண்டு. 1926-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் வந்தது. ஒரு சமூகம் தன்னைத் தானே எள்ளிப் பார்த்துக்கொண்டு திருந்தியதற்குத் தமிழில் இதைப்போல் இன்னொரு உதாரணம் சொல்வது கஷ்டம். ஆனால் சண்டை முழுக்க நிலம் யாருக்குப் போகிறது என்பதைப் பற்றியது. நிலத்தோடு போனவர்கள் ஓலையிலேயே தங்கிவிட்டார்கள். அவர் அறிந்த இரண்டு உண்மைகள் ஒரே கவிதைக்குள் சந்தித்துக்கொள்ளவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. கவிமணி அறியாதவர் என்றால் விஷயம் எளிது. அறிந்தவரிடத்திலும் இந்தப் பிரிவு இருக்கிறது என்பதுதான் நம்மை யோசிக்க வைக்க வேண்டும்.

1964-இல் வந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ இன்னும் உள்ளே போகிறது. பெயரில் மட்டும் புதிதாக இருக்கும் அந்தப் பழைய வீட்டில், பழம்பெருமை மிச்சமிருக்கிறது, பணம் மிச்சமில்லை. லிஸி நேசிக்கும் தங்கராஜ் பனையேறி. ஒரே ஜாதி, ஒரே வேதக்கோவில். இருந்தும் பனைக்குச் சொந்தக்காரனுக்கும் பனையில் ஏறுகிறவனுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் நாவல் அளந்து காட்டுகிறது. அந்த வீட்டுக்காரர்களின் மூதாதையும் ஒரு காலத்தில் ஏறியிருப்பார் என்ற எண்ணம் வாசகன் மனசில் தானாக எழுகிறது. ஹெப்சிபா அதை உரக்கச் சொல்லாமல் விட்டிருப்பது கலையின் பலம். எனினும் அந்த மௌனத்தை விமர்சகர்கள் யாராவது நின்று கேட்டிருக்க வேண்டும். நாம் மண்வாசனை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’க்கு நடந்ததும் இதுதான். அதில் இலங்கைத் தோட்டம் நிலம் தரும் இடமாக இல்லை. மருதியின் உடம்பைத் தின்னும் இடமாக இருக்கிறது. அதைத் திருநெல்வேலியின் சோகமாகப் படித்தோம். சிலோன் தாத்தாவின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை.

அலெக்ஸ் ஹேலி 1976-இல் எழுதிய நாவல் தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று வந்தபோது பலரும் உருகிப் படித்தார்கள். குண்டா கிண்டேக்காகக் கண்ணீர் விட்ட வாசகன் அழகியபாண்டியபுரத்துக்குப் போகப் பஸ் ஏறியிருந்தால் போதும். தூரம் அதிகமில்லை. ஆனால் கடல் கடந்த அடிமைக்காக அழுவதில் ஒரு வசதி இருக்கிறது: அவனை எழுதி வாங்கியவர் யாரும் நமக்குச் சொந்தமில்லை.

இன்று நாஞ்சில் நாட்டில் எல்லா ஜாதியினரும் தங்கள் குல வரலாறு எழுதுகிறார்கள். எழுதட்டும். பெரும்பாலும் அவை ஒரு ராஜாவிலோ ஒரு படைத்தலைவனிலோ ஆரம்பித்து, ஓர் ஆதாரத்தில் வந்து முடிகின்றன. திருவிதாங்கூர்ப் பேச்சில் நிலப்பத்திரத்துக்கு ஆதாரம் என்று பெயர். சாட்சியத்துக்கும் அதே சொல்தான். நிலம் இருந்தால்தான் சாட்சி உண்டு என்ற நம்பிக்கை மொழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. டுலானியின் வம்சத்தார் செய்வதும் இதைத்தான்: ஊழியராக வந்தார் என்பது ஏறிய உயரத்தைக் காட்டுவதற்கு ஓர் அளவுகோல், அவர் வாங்கியவர்கள் அந்த அளவுகோலில் வருவதில்லை.

எழுதிக் கொடுத்தவரின் பெயர், எழுதி வாங்கியவரின் பெயர், எழுதப்பட்டவரின் பெயர் மூன்றும் ஒரே ஓலையில் இருக்க முடியும். முதல் இரண்டு பெயர்களின் வழியாகத்தான் நம் எழுத்தும் விமர்சனமும் இதுவரை அந்த ஓலைக்குள் போய்வந்திருக்கின்றன. மூன்றாவது பெயரின் பேரன்களும் பேத்திகளும் இன்று நாகர்கோவில் வீதியில் நம்மோடுதான் நடக்கிறார்கள், படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அவர்கள் அந்த ஓலையைக் கையில் எடுக்கும்போது, சுந்தரரைப்போலக் கிழித்துப்போட வேண்டிய அவசியம் இல்லை. மூல ஓலையைச் சபைக்குக் கொண்டுவா என்று கேட்டால் போதும். இந்தத் தடவை சபையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.