அழுத்தத்தைக் கேட்கும் காது

ஒரு பாட்டில் டிரம்ஸ் வாசித்தது ஆளா, கம்ப்யூட்டரா என்பதைக் காது சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறது. எப்படி என்று கேட்டால் பலரும் தாளத்தைச் சொல்வார்கள். இயந்திரம் இம்மி பிசகாமல் அடிக்கும், மனிதக் கை கொஞ்சம் முன்பின்னாக விழும் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் ஆளைக் காட்டிக்கொடுப்பது அதைவிட அதிகமாக அழுத்தம்தான் என்பேன். எந்த அடி ஓங்கி விழுந்தது, எது தடவிவிட்டுப் போனது என்ற வித்தியாசம். இசை மென்பொருளில் இதற்கு வெலாசிட்டி என்று பெயர். அதைக் கேட்கப் பழகினால், மனப்பாடமான பாட்டுகளிலேயே இதுவரை காதில் விழாத சங்கதிகள் விழத் தொடங்கும்.

வெவ்வேறு கம்பெனிகளின் மின்னணுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1983இல் வந்த பொது ஏற்பாடுதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுடாரோ ககேஹாஷியும் அதற்கு முன்னின்றவர்கள். மிடியில் ஒலி போவதில்லை. செய்தி மட்டுமே போகிறது. எந்தக் கட்டை இறங்கியது, எப்போது எழுந்தது, எவ்வளவு வேகத்தில் இறங்கியது. அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண்; அதுதான் வெலாசிட்டி. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதல் புள்ளி படும், அடுத்து இரண்டாவது. இடைப்பட்ட அந்தச் சிறு நேரத்தை அளந்துதான் எண் பிறக்கிறது. விரலின் பலத்தைக் கருவி அறியாது. வேகத்தை மட்டுமே அறியும்.

இதை வெறும் சத்தத்தின் அளவு என்று நினைத்துவிட்டால் ரசனைக்கு வழி அங்கேயே அடைபடும். பியானோவில் கம்பியை அடிக்கும் சுத்தியலின் முனையில் கம்பளி ஃபெல்ட் இருக்கிறது. மெதுவாகப் பட்டால் அது மெத்தென்று இருக்கும். ஒலி உருண்டையாக வரும். வேகமாக அடித்தால் ஃபெல்ட் அமுங்கி இறுகும். மேல் சுருதிகள் எழும்பி ஒலிக்கு ஒரு பளபளப்பு வரும். அதனால்தான் நல்ல பியானோ சாம்பிள்களில் ஒவ்வொரு கட்டையையும் பல அழுத்தங்களில் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து வைக்கிறார்கள். வெலாசிட்டியை 40இலிருந்து 100க்கு ஏற்றினால், ஒலிப்பது வேறொரு பதிவாகவே இருக்கக்கூடும். ஒரு நோட்டை 30இல் ஒருமுறை, 110இல் ஒருமுறை வைத்து, வால்யூமைச் சரிசெய்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்போதும் இரண்டும் ஒன்றாகக் கேட்காது. முதலாவது மென்மையாகவே இருக்கும், இரண்டாவது அதட்டலாகவே இருக்கும்.

மிருதங்கத் தனியாவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமில்லை. ஒரே சொல்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு எடையில் விழும். அந்தக் காதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து கிளைட் ஸ்டபில்ஃபீல்டிடம் உட்காருங்கள். அவர் டிரம்ஸ் வாசித்த, ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ 1970இல் வெளிவந்தது. முதலில் ஓங்கி விழும் ஸ்னேர் அடிகளை மட்டும் பின்தொடருங்கள். அது பிடிபட்டதும் அவற்றை விட்டுவிட்டு நடுவில் கேளுங்கள். குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் போகிற சின்னச் சின்ன தட்டல்கள் அங்கே நிறைய இருக்கின்றன. டிரம்மர்கள் இவற்றைக் கோஸ்ட் நோட் என்பார்கள். உடம்பை ஆடவைக்கிற வேலையில் பாதிக்கு மேல் இவற்றுடையதுதான். டோட்டோ குழுவின் ‘ரோசன்னா’வில் (1982) ஜெஃப் பொர்காரோ வாசித்ததும் இதே வித்தை, இன்னும் அடர்த்தியாக.

இதையே மென்பொருளில் எழுதினால் எப்படித் தெரியும்? பியானோ ரோலில் நோட்டுகள் கட்டங்களாக இருக்கும். அவற்றுக்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நிற்கும். குச்சியின் உயரம்தான் வெலாசிட்டி. லாஜிக் என்ற மென்பொருளில் நோட்டின் நிறமே அதைச் சொல்லிவிடும்: மெல்லியவை ஊதா, நீலம், ஓங்கியவை ஆரஞ்சு, சிவப்பு. நல்ல ஒரு ஃபங்க் தாளத்தில் முக்கியமான ஸ்னேர் 112இல் நிற்கும். கோஸ்ட் நோட்டுகள் 22, 35, 28 என்று தரையோடு தரையாகக் கிடக்கும். ஹை-ஹேட் 92, 54, 86, 50 என்று ஏறி இறங்கும். ஹை-ஹேட்டின் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் டிரம்மரின் மணிக்கட்டு. கை இறங்கும்போது குச்சியின் உடல்பகுதி தட்டின் விளிம்பில் படுகிறது; ஏறும்போது நுனி மேல்பரப்பைத் தொடுகிறது. கையின் ஒரே அசைவில் இரண்டு அடிகள், இரண்டு நிறங்கள்.

இப்போது அந்தக் குச்சிகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 100க்கு ஏற்றிவிடுங்கள். ஒரு நோட்டின் நேரம்கூட மாறவில்லை, ஆனால் தாளம் செத்துவிடும். மெஷின் கன் மாதிரி அடிக்கிறது என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். பிறகு பழையபடி கொண்டுவந்து கேளுங்கள். காதைத் தீட்ட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இன்றைய பாட்டுகளில் கம்ப்ரசர் போட்டு எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்களே, அதில் என்ன கேட்பது என்று தோன்றலாம். கம்ப்ரசர் முக்கியமாகச் சத்தத்தைத்தான் சமன்செய்யும். அடியின் குணத்தை முழுதாக அழித்துவிடாது. மெதுவாகத் தட்டிய ஸ்னேரை எவ்வளவு உயர்த்தினாலும் அது மெதுவாகத் தட்டிய ஸ்னேர்தான். எனவே எது பெரிதாகக் கேட்கிறது என்று தேடாதீர்கள். எது எப்படி அடிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

மென்பொருள்களில் ‘ஹியூமனைஸ்’ என்றொரு வசதி உண்டு. குச்சிகளைக் குலுக்கல் முறையில் கொஞ்சம் மேலும் கீழுமாக்கிவிடும். அந்தப் பெயர் அதற்குப் பொருந்தாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனிதக் கையின் ஏற்ற இறக்கம் குருட்டாம்போக்கில் வருவதில்லை. மணிக்கட்டு திரும்புவதால் வருகிறது, வரி ஒரு சுரத்தை நோக்கி ஏறுவதால் வருகிறது, பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் டிரம்மர் அடங்குவதால் வருகிறது. குலுக்கிப் போட்ட எண்களைக் கேட்கும்போது காதில் விழுவது, கை சரியாகப் படியாத ஒருவரின் வாசிப்பு. நல்ல புரோகிராமர் ஒவ்வொரு குச்சியையும் தொடும்போது வாசிப்பவரின் உடம்பை மனதில் வைத்துக்கொள்கிறார். தமிழ்ப் படப் பாடல்களின் பட்டியலில் கீபோர்டு புரோகிராமிங் என்று ஒரு பெயர் வருமே, அந்த உழைப்பில் கணிசமான பங்கு இதற்குத்தான் போகிறது. அதைக் கவனித்துப் பாராட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

அடுத்து கார்டுகள். ஒரு மெலடிப் பாட்டின் தொடக்கத்தில் பியானோ மட்டும் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுரங்கள் சேர்ந்து விழுகின்றன. தேர்ந்த கை அந்த நான்கையும் ஒரே எடையில் வைக்காது. மேலே பாடும் சுரம் 84 என்றால், கீழே பாஸ் 62, நடுவில் உள்ள இரண்டும் 45, 48. அதனால்தான் கூட்டமாக ஒலிக்கும்போதும் மேல்சுரம் ஒரு வரியாக நம் காதில் நடந்துபோகிறது. நான்கும் 80 என்றால் அந்த வரி கூட்டத்தில் தொலைந்துவிடும். அடுத்தமுறை கேட்கும்போது மேல்சுரத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்; பிறகு வேண்டுமென்றே நடுச்சுரங்களைத் தேடுங்கள். தேடினால்தான் கிடைக்கும் என்கிற அளவில் அவை இருந்தால், செய்தவர் கெட்டிக்காரர்.

எல்லாக் கருவிக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஹார்ப்சிகார்டில் கம்பி மீட்டப்படுகிறது. விரல் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் சத்தம் அநேகமாக ஒன்றுதான். தேவாலய ஆர்கனும் அப்படியே. அவற்றின் ஒலிக்கு வெலாசிட்டியை ஏற்றி இறக்கி அழகு பார்ப்பது அந்தக் கருவியின் இயல்புக்கே விரோதம். வயலின் கூட்டம் நீட்டி இழுக்கும் இடங்களிலோ, பல சாம்பிள்களில் சத்தத்தை நடத்துவது கீபோர்டில் உள்ள மாட் வீல் என்ற சக்கரம். அங்கே வெலாசிட்டியின் வேலை பெரும்பாலும் சுரம் எப்படித் தொடங்குகிறது என்பதோடு முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு பதிவு. கிளென் கூல்ட் 1955இல் பியானோவில் வாசித்து ஒலிப்பதிவு செய்த பாஹின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ இசையுலகில் பெரும் புகழ் பெற்றது. கூல்ட் 1982இல் மறைந்தார். ஸென்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பழைய மோனோ ஒலிநாடாவை ஆராய்ந்து, ஒவ்வொரு சுரமும் எப்போது, எவ்வளவு வேகத்தில் அடிக்கப்பட்டது என்று கணக்கெடுத்தது. 127 படிகள் போதாததால் அதைவிட நுணுக்கமான அளவில் எழுதி, தானே வாசிக்கும் யமஹா டிஸ்க்ளேவியர் பியானோவுக்குக் கொடுத்து, புதிதாக ஒலிப்பதிவு செய்து 2007இல் வெளியிட்டது. வாசிக்கும்போது கூல்ட் முனகிக்கொண்டே இருப்பாரே, அது இதில் கிடையாது. விரல்கள் இருக்கின்றன. 1955இன் பதிவையும் இதையும் ஹெட்போனில் அடுத்தடுத்துப் போட்டு, தொடக்கத்து ஆரியாவை மட்டும் கேளுங்கள். இடது கையின் எந்தச் சுரம் சற்று முன்னுக்கு வருகிறது, வலது கையின் அலங்காரச் சுரங்களில் எது மற்றதைவிட லேசாக விழுகிறது என்று இரண்டிலும் ஒப்பிடுங்கள். எண்களாக மாறிய பிறகும் அந்த விரல்கள் கூல்டுடையவைதானா என்பது வாதத்துக்குரியது. உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள்.