முழு உதவித்தொகை, ஆனால் யாருக்கு?

திருவொற்றியூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பாட்டனியில் எம்.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திகளைத்தான் ப்ராஜெக்டுக்கு எடுத்திருந்தாள். போன வாரம் போனை நீட்டி, "அண்ணா, இதுக்கு நான் அப்ளை பண்ணலாமா?" என்றாள். பயிர் இனப்பெருக்கத்தில் பிஎச்.டி., முழு உதவித்தொகை என்றது அறிவிப்பு. தகுதி என்ற இடத்தில் பொடி எழுத்தில் எம்.எஸ்ஸி. (அக்ரி).

என் புகார் தொகையைப் பற்றியதல்ல. 2023 ஜனவரி முதல் மத்திய அரசின் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. கன்டெய்னர் லாரி ஓட்டுபவர் வீட்டுக்கு அது சின்னப் பணமில்லை. (எந்த மாசம் கைக்கு வரும் என்பது வேற கதை. எனக்கு ஒருமுறை ஐந்து மாதப் பணம் மொத்தமாக வந்தது. அதுவரை மெஸ் அக்கா நோட்டில்தான் சாப்பாடு.)

புகார் வாசலைப் பற்றியது. கோவை வேளாண் பல்கலையில் பயிர் இனப்பெருக்கம் படிக்க இளநிலையிலேயே அக்ரி படித்திருக்கணும். பாட்டனிக்காரர் நெட் எழுதி ஏதாவது ஆய்வகத்தில் மரபணுவைப் பிரிக்கலாம். வயலில் ஒட்டுச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுப்பது வேறு ஆளின் வேலை.

தரமணி சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் வெண்கண்டல் மரத்திலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுக்களை எடுத்து நெல்லில் ஏற்றிப் பார்த்தார்கள். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலோடு மல்லுக்கட்டி நிற்பதும் அதே மரம்தான். ஆனால் உவர் நிலத்து விவசாயி கைக்குப் போன திருச்சியின் டிஆர்ஒய் 1 போன்ற நெல் ரகங்கள் வழக்கமான வயல் வேலையில் வந்தவை. இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டாமா?

மாநிலக் கல்லூரியில் பாட்டனி ஆனர்ஸ் படித்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகையில் 1924இல் மிச்சிகன் போனார். 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்து, கரும்பை மக்காச்சோளத்தோடுகூட ஒட்டுச் சேர்த்தார். அன்றைக்கு வாசலில் யாராவது "அக்ரி படிச்சியாம்மா?" என்று கேட்டிருந்தால்? சுவாமிநாதன் விலங்கியல் முடித்தபிறகு கோவையில் மறுபடி பி.எஸ்ஸி. அக்ரி படித்தார். உண்மைதான். ஆனால் இரண்டாவது இளநிலையை எத்தனை வீடு தாங்கும்?

அமெரிக்கப் பயிர் அறிவியல் துறைகள் பலவற்றில் பாட்டனி ஒரு தடையில்லை. அங்கே கல்விக் கட்டணமும் மாதப் பணமும் பெரும்பாலும் பேராசிரியரின் ப்ராஜெக்டிலிருந்து வருவதால், விண்ணப்பத்துக்கு முன்னாலேயே அவருக்கு எழுதணும். அவளிடம் அதைச் சொன்னேன். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு பல்கலைக்கும் தனித்தனி என்பதையும் சொன்னேன். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"அப்போ மூணு போதும்ணா."